சடங்கு வாரத்துச் சிக்னல்

“இன்டர்நெற் நல்லா வேலை செய்யுது, ரீவி மட்டும்தான் உடையுது” என்று யாராவது தொலைபேசியில் சொன்னால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வரும். சொல்பவர்மேல் பிழையில்லை. அந்த ஒரு வசனத்தை நம்பி ஒரு சடங்கு வாரம் முழுவதும் பேயன்போல் அலைந்தவன் நான்.

கல்லடியில் ஒரு சின்னக் கேபிள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சின்னது என்றால் உண்மையிலேயே சின்னது. முதலாளி இருக்கிறார், மெசின்களைப் பார்க்க நான் இருக்கிறேன், லைன் இழுக்கக் காத்தான்குடி முஸ்லிம் ஒருவர் இருக்கிறார், மூத்தவர் என்பதால் எங்களுக்குக் காக்கா. வாடகை வீடொன்றின் பின்னறையில் ஏசி போட்டு அடுக்கி வைத்திருப்பதுதான் எங்கள் கொன்ட்ரோல் ரூம். அங்கிருந்து புறப்படும் பைபர் கேபிள் றோட்டோரத் தூண்களில் தொங்கிக்கொண்டு தெற்கே போகிறது. உள்ளே தலைமயிர்த் தடிப்பில் ஒரு கண்ணாடி நூல். அதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். ரீவிக்கு ஒரு வெளிச்சம், இன்டர்நெற்றுக்கு இன்னொரு வெளிச்சம். இரண்டும் ஒரே நூலுக்குள் சண்டை சச்சரவில்லாமல் போய், செட்டிபாளையத்துக்கும் அப்பால், ஒருபக்கம் வாவியும் மறுபக்கம் கடலுமாக இருக்கிற எங்கள் ஊரில் பிரியும்.

அந்த ஊரில், எங்கள் தாய்வீட்டில், என் தங்கச்சி இருக்கிறாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒரு பிள்ளைக்காக ஏங்கிக் கிடந்தவள். எங்கள் ஊர் அம்மன் கோயில் கதவு வைகாசி மாதம் மட்டும்தான் திறக்கும். சில நாள் சடங்கு நடக்கும். கடைசி நாள் விடிகாலையில், அம்மனின் வெம்மை ஆறவேண்டும் என்று பாட்டுப் படித்துக் குளிர்த்தி செய்வார்கள். அதோடு கதவை அடைத்தால் அடுத்த வைகாசிதான். ஒவ்வொரு வைகாசியும் தங்கச்சி மடிப்பிச்சை எடுப்பாள். சேலைத் தலைப்பை ஏந்திக்கொண்டு வீடுவீடாகப் போய், கிடைத்த அரிசியைக் கொண்டுபோய்க் கோயிலில் கொட்டுவாள். குளிர்த்திக்கு முன்வரிசையில் நின்று, “தாயே, ஒண்டே ஒண்டு” என்று கேட்பாள். எனக்குச் சாமியோடு அவ்வளவு ஒட்டில்லை. ஆனாலும் அவள் கேட்கும்போது அந்த முகத்தை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடிவதில்லை.

இந்த வருஷம் அம்மன் கொடுத்தாள். கொடுத்த நேரம்தான் கோளாறு. சடங்கெல்லாம் முடிந்த பிறகுதான் என்று டொக்டர்மார் சொல்லியிருந்த பிள்ளை, கதவு திறந்த வாரத்துக்குள்ளேயே அவசரப்பட்டுப் பிறந்துவிட்டது. பெண்பிள்ளை. பிள்ளை பிறந்த வீட்டுக்குத் துடக்கு. முப்பத்தோராம் நாள் கழியும்வரை கோயிலை எட்டியும் பார்க்கக் கூடாது. தாய்க்கும் தகப்பனுக்கும் மட்டுமல்ல, எங்கள் குடி வழக்கத்தில் தாய்மாமன் எனக்கும் அதே கதிதான்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தங்கச்சி அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“எல்லாரும் போய்ப் பாப்பாங்க அண்ணா. கேட்டு வாங்கின நான் மட்டும் வீட்டுக்க கிடக்கப்போறன்” என்றாள்.

“என்னத்துக்கு அழுற? குளிர்த்திய ரீவியில காட்டுறன். நான் பின்ன எதுக்கு இரிக்கன்?”

வெறும் வாய்ப்பேச்சில்லை. போன வருஷத்திலிருந்து குளிர்த்தியை எங்கள் கேபிளில் நேரடியாகக் காட்டுகிறோம். கோயில் பொறுப்பைப் பார்க்கிற வண்ணக்கர் அதற்கு இணங்கியதே பெரிய காரியம். கேபிளில் மட்டும், ஊர்ச் சனத்துக்கு மட்டும் என்பது அவருடைய கண்டிப்பு. முகநூல் என்ற பேச்சையே எடுக்கவிடவில்லை. “படுத்துக் கிடந்து பாத்திற்றுச் சிரிக்கிற பொம்மை போடுவானுகள்” என்றார். அது நியாயம்தான்.

தங்கச்சி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ரீவியைப் போட்டேன். செய்தி வாசிப்பவரின் வாய் ஒரு கட்டத்தில் நின்றது, மூக்கு இன்னொரு கட்டத்தில் நின்றது. குரல் விக்கி விக்கி வந்தது.

“இது ரெண்டு மூணு நாளா இப்படித்தான்” என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

“ரெண்டு மூணு நாளாவா? எனக்குச் சொல்லக்கூடாதா?”

“புள்ளப் பெறுவுக்க உன்ட ரீவிக் கதை ஆருக்கு வேணும்?”

றோட்டு முனைத் தூணில் மாட்டியிருக்கும் எங்கள் பெட்டியைத் திறந்து மீற்றரை வைத்தேன். மைனஸ் நாலு காட்டவேண்டிய இடத்தில் மைனஸ் பதின்மூன்று காட்டியது. இந்தக் கணக்கில் மைனஸ் ஏற ஏற வெளிச்சம் குறைவு. பதின்மூன்று என்றால் ஏறத்தாழக் குருடு. அந்தப் பெட்டியிலிருந்து வெளியே போகிற சிக்னல் ஒரு வீட்டுக்கும் போதாது. குளிர்த்திக்கு இன்னும் சில நாள் இருந்தது. கனெக்ரரில் தூசி பிடித்திருக்கும், துடைத்தால் சரி என்று நினைத்தேன். அவ்வளவு நம்பிக்கை எனக்கு.

ரீவி வெளிச்சம் மட்டும் குறைகிறது, இன்டர்நெற் வெளிச்சம் ஒழுங்காக வருகிறது. இரண்டும் போவது ஒரே கம்பியில். ஆகவே கம்பியில் பிழையில்லை, ரீவிக்கென்று இருக்கிற மெசின்களில்தான் பிழை. எவ்வளவு அழகான நியாயம்! முதலாளியும் அதையே சொன்னார், நானும் அதையே சொன்னேன். நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போவது அபூர்வம். ஒத்துப்போனபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

முதலில் கனெக்ரர்கள். எங்கள் காற்றில் உப்பு இருக்கிறது. தெற்குப் பக்கத்துப் பெட்டி எதைத் திறந்தாலும் பித்தளையில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். சுரண்டினேன். கண்ணாடி நுனிகளை ஸ்பிரிற் தோய்த்த துணியால் துடைத்தேன், பூதக்கண்ணாடியில் பார்த்தேன், பிறகும் துடைத்தேன். என் கலியாண மோதிரத்தைக்கூட அவ்வளவு துடைத்ததில்லை. மைனஸ் பதின்மூன்று.

அடுத்தது கொன்ட்ரோல் ரூமில் வெளிச்சத்தைப் பெருக்கும் அம்பிளிபயர். கூட்டிப் பார்த்தோம். கூட்டினால் எங்கள் ஊரில் படம் கொஞ்சம் தெளிந்தது, கிட்டவிருக்கும் கல்லடி வீடுகளில் வெளிச்சம் அளவுக்கு மிஞ்சி அங்கே படம் உடைந்தது. கல்லடிக்காரர் கூப்பிட்டு ஏசினார்கள். குறைத்தால் எங்கள் ஊர்க்காரர் கூப்பிட்டு ஏசினார்கள். எங்கள் ஊர்க்காரருக்கு என் அப்பா பெயரும் தெரியும் என்பதால் அந்த ஏச்சு கொஞ்சம் ஆழமாகவே இறங்கியது.

முதலாளி கொழும்பிலிருந்து புதிய ட்ரான்ஸ்மிற்றர் ஒன்றைப் பஸ்ஸில் போட்டு எடுப்பித்தார். பெட்டியைப் பிரித்தால் அதன் வாய் நீலம். எங்களிடம் இருப்பதெல்லாம் பச்சை. நீலம் நேராக வெட்டிய முனை, பச்சை சரிவாக வெட்டிய முனை. ஒன்றுக்குள் ஒன்று பூட்டுப்படும், ஆனால் வெளிச்சம் ஒழுங்காகக் கடக்காது.

“பூட்டுப்படுகுதுதானே தம்பி” என்றார் முதலாளி.

“பூட்டுப்படும் முதலாளி. வேலை செய்யாது.”

“பூட்டிப் பாக்காம எப்படிச் சொல்ற?”

பூட்டிக் காட்டினேன். வேலை செய்யவில்லை. அவர் ஏதோ நான் வேண்டுமென்றே செய்ததுபோல் பார்த்தார். ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் பச்சையுமான துண்டுக் கம்பி ஒன்றுக்காக மட்டக்களப்பு ரவுனில் ஏறி இறங்காத கடையில்லை. கடைசியில் ஏறாவூரில் கிடைத்தது. கொண்டுவந்து மாட்டினேன். மைனஸ் பதின்மூன்று. பிறகு ஊர்ப் பெட்டிக்குள் இரண்டு வெளிச்சத்தையும் பிரிக்கிற சின்ன பில்ற்றரை மாற்றினேன். மைனஸ் பதின்மூன்று. அந்த இலக்கத்தைப் பார்த்துப் பார்த்து, வீட்டில் மனைவி சோறு போதுமா என்று கேட்டாலும் எரிந்து விழுகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

கம்பிக்குள் வெளிச்சத்தை விட்டு எங்கே ஒட்டு இருக்கிறது, எங்கே உடைவு இருக்கிறது என்று கோடு கீறிக் காட்டும் கருவி ஒன்று உண்டு. எங்களிடம் இல்லை. ஓட்டமாவடிப் பக்கம் வேலை செய்கிற தெரிந்தவர் ஒருவரிடம் இரவல் வாங்கினேன். பழைய கருவி, இன்டர்நெற் போகிற வெளிச்சத்தை வைத்து மட்டும்தான் பார்க்கும். கம்பி முழுவதும் சுத்தம் என்று காட்டியது. இனி என்ன, கருவியே சொல்லிவிட்டது.

கருவி சுத்தம் என்று சொன்ன பிறகும் முதலாளி காக்காவைப் பிடித்துக்கொண்டார். லைனில் போட்ட ஒட்டுகள் காக்காவினுடையவை. “உங்கட ஒட்டுத்தான் காக்கா பிழை” என்று முகத்துக்கு நேரே சொன்னார். காக்கா என்னைவிட வயதில் மூத்தவர், இலேசில் கோபப்படாதவர். கையிலிருந்த குறட்டை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“என்ட ஒட்டுப் பிழையெண்டா இன்டர்நெற் எப்படித் தம்பி போகுது?”

தெரியாததைக் கேட்டால் எனக்கு வருவது கோபம்தான். மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றோம், ஏசி மட்டும் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

குளிர்த்திக்கு முதல்நாள் காலை தங்கச்சி வீட்டுக்குப் போனேன். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. ரீவியில் ஏதோ நாடகம் கட்டம் கட்டமாக ஓடியது. தங்கச்சி அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குச் சுட்டது.

அவள் புருஷன், என் மச்சான், வாவியில் மீன் பிடிக்கிறவன். துடக்கு நாளென்று தொழிலுக்கும் போகாமல் முற்றத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். “போனில காட்டேலாதா மச்சான்? கமராப் படம் உங்கட ஒபிசுக்கு இன்டர்நெற்லதானே வருது” என்றான்.

எனக்கு அந்த யோசனை முன்பே வந்திருந்தது. வண்ணக்கருக்குக் கொடுத்த சொல்லை நினைத்து அடக்கிவைத்திருந்தேன். நான் வாய் திறக்குமுன் உள்ளேயிருந்து தங்கச்சி சொன்னாள்.

“வேணாம். கள்ளமாப் பாத்தா அதென்ன பார்வை?”

மச்சான் விடவில்லை. “சரி, ரெண்டும் ஒரே வயரில வருதெண்டு சொல்லுறீங்க. அதெப்படி ஒண்டு வருது, ஒண்டு வரயில்ல?”

இந்தக் கேள்வியை அந்த வாரத்தில் எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள்! எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். “மச்சான், ரெண்டும் வேற வேற வெளிச்சம். இன்டர்நெற் வெளிச்சம் ஓட்டோ மாதிரி, சின்ன அலை. ரீவி வெளிச்சம் லொறி மாதிரி, நீட்டு அலை. நேர் றோட்டில ரெண்டும் ஒரே மாதிரித்தான் போகும். ஒடுங்கின முடக்கு வந்தாத்தான் ஓட்டோ கிறுகும், லொறி...”

அதற்குமேல் வாய் வரவில்லை. லொறி கிறுகாது, திரும்ப இடம் போதாது. கம்பி எங்கேயோ குறுக மடிந்திருக்கிறது. உடையவில்லை, ஒட்டுப் பிழையில்லை, மடிந்திருக்கிறது. அந்த மடிப்பில் ரீவி வெளிச்சம் வெளியே வடிந்துவிடுகிறது, இன்டர்நெற் வெளிச்சம் தப்பி ஓடிவிடுகிறது. இரவல் கருவியும் அந்தத் தப்பி ஓடுகிற வெளிச்சத்தை வைத்துத்தான் பார்த்தது, அதுதான் சுத்தம் என்றது. படித்த பாடம்தான். பரீட்சையில் எழுதிப் பாஸ் பண்ணிய பாடம். என்னை நானே செருப்பால் அடிக்கலாம்போல் இருந்தது.

காக்காவுக்கு அழைப்பெடுத்தேன். அவர் மோட்டார் சைக்கிளை ஓட்ட, நான் பின்னால் இருந்து அண்ணாந்து தூண் தூணாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். கழுத்து உளைந்தது. கோயில் வீதி பெரிய றோட்டில் ஏறுகிற முடக்கில், “நிப்பாட்டுங்க காக்கா” என்று கத்தினேன்.

எங்கள் வயர் தொங்கவேண்டிய உயரத்தில் தொங்கவில்லை. யாரோ அதை மேலே இழுத்து, தூணின் இரும்புக் கையோடு சேர்த்து இரண்டாக மடித்து, மஞ்சள் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். துணியில் ஒரு சின்ன முடிச்சு, உள்ளே காசு. பக்கத்தில் காய்ந்த வேப்பங்குழை. மடிந்த இடம் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துப் பிடித்தால் வருகிற வட்டம்கூட இல்லை.

“இது நேர்த்திக் கட்டு” என்றார் காக்கா. எங்கள் ஊரில் லைன் இழுத்து இழுத்து அவருக்கு எல்லாம் தெரியும்.

யார் கட்டியது என்று கண்டுபிடிக்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்டதும் அவர் ஆச்சரியமாக என்னையே பார்த்தார். “உங்கட மச்சான்தானே! தெரியாதா?”

திரும்பிப் போய் மச்சானைப் பிடித்தேன். சடங்கு தொடங்கினால் கல்யாணக்கால் எடுத்து வருவார்கள். குழையும் இலையுமாக வெட்டிய மரத்தை, நிலத்தில் படாமல் தோளில் தாங்கி ஊர்வலமாகக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். முன்னால் இளந்தாரிகள் கொக்கைத்தடியால் வயர்களை உயர்த்திக்கொண்டு போவார்கள். இந்த வருஷம் தடி பிடித்தவர்களில் மச்சானும் ஒருவன். பெண்சாதிக்கு நல்லபடி பிள்ளை கிடைக்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டு போயிருக்கிறான்.

“முடக்கில கால்ட குழை உங்கட வயரில தொட்டுது மச்சான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்திற்று. அம்மன்ட அடையாளம் எண்டு தூணில ஏறி அதிலயே நேர்ந்து கட்டினன். கால் கடந்து போகக்குள்ள திரும்பவும் குழையில முட்டக்கூடாதெண்டு உயத்தித்தான் கட்டினன்” என்றான். “விடியக்குள்ள இவவுக்கு வலி வந்திற்று.”

அவன் கண் கலங்கி நின்றான். எனக்கு அவனை அடிக்கவும் மனமில்லை, கட்டிப்பிடிக்கவும் மனமில்லை. வலைக்காரன் முடிச்சு வேறு, சும்மா கையால் அசைக்கக்கூட முடியாது. தங்கச்சிக்கு அம்மனிடம் பிள்ளை கேட்டுக் கட்டிய கட்டுத்தான் தங்கச்சிக்கு அம்மனைக் காட்டாமல் தடுத்துக்கொண்டிருக்கிறது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

“அவிழ்” என்றேன்.

“எனக்குத் துடக்கு மச்சான். எப்படித் தொடுறது?”

எனக்கும் துடக்கு. காக்காவைப் பார்த்தேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “தம்பி, நீங்க சொன்னா எந்தத் தூணிலயும் ஏறுவன். இதில மட்டும் கைவைக்கச் சொல்லாதீங்க. உங்கட நேர்த்திய நான் அவிழ்த்தனெண்டு நாளைக்குச் சனம் வேற கதை கதைக்கும்” என்றார். அவர் சொன்னது சரி. சரி என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

ஊருக்குள் வேறு ஆள் தேடினேன். கூட விளையாடித் திரிந்தவர்கள், தேத்தண்ணி வாங்கிக் குடித்தவர்கள், ரீவி தெரியவில்லை என்று வாரம் முழுவதும் ஏசியவர்கள் எல்லோரிடமும் கேட்டேன். நேர்த்திக் கட்டு என்றதும் ஒவ்வொருவரும் நெஞ்சில் கைவைத்துப் பின்னால் நகர்ந்தார்கள். பச்சைப் பிள்ளைக்குக் கட்டியது, எனக்கேன் வீண் பாவம் என்றார்கள். படம் வேண்டும், பாவம் வேண்டாம்.

கடைசியில் வண்ணக்கர். ஊர் முறையில் எனக்கு மாமா. கோயில் வேலிக்கு வெகு தூரத்தில் நின்று குரல் கொடுத்தேன். அவர் உள்ளே பந்தலுக்குக் கீழே நின்றபடி கையை உயர்த்தினார்.

“அங்காலயே நில்லு மருமகன்! துடக்கோட வந்திற்றயா?”

“வரயில்ல மாமா. றோட்டிலதான் நிக்கன். அந்த முடக்குத் துணிய ஆரையும் விட்டு அவிழ்க்கச் சொல்லுங்க.”

“குளிர்த்திக்கு முதல் நேர்த்திக் கட்ட அவிழ்க்கிறயா? எந்த ஊரில கண்ட?”

“அவிழ்க்காட்டி நாளைக்கு ஒரு வீட்டிலயும் குளிர்த்தி தெரியாது மாமா!”

“தெரியாட்டிப் போகட்டும். ரீவி வந்த பிறகா அம்மன் வந்தவ?”

பந்தலுக்குள் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. “தங்கச்சி பாக்கவேணும் மாமா” என்றேன். கத்திச் சொல்லவேண்டிய தூரம், குரல் பாதியில் உடைந்துபோயிற்று. அவருக்கும் தெரியும், வருஷா வருஷம் மடிப்பிச்சை அரிசியை அவர் கண்முன்தான் அவள் கொட்டுவாள். பந்தல் விளிம்புவரை வந்தார்.

“வயர் ஆர்ட?”

“கொம்பனிர.”

“அப்ப வயர நீங்க பாத்துக்கங்க. துணி அம்மன்ட. துணியில ஒரு விரல் படக்கூடாது.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இதைவிட அவிழ்க்காதே என்று நேராகச் சொல்லியிருக்கலாம் என்று திட்டிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்கு வந்தேன். அவளுக்கு மச்சான் எல்லாம் சொல்லியிருந்தான். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

“எனக்காக அதை அவிழ்க்க வேணாம் அண்ணா. புள்ளைக்குக் கட்டினது. நான் அடுத்த வருசம் பாக்கன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “இந்த ஒரு கிழமையும் நான் ஆருக்காக நாய்படாத பாடு பட்டன்? உனக்காகத்தானே?” என்று கத்தினேன். பிள்ளை திடுக்கிட்டு அழத் தொடங்கியது. அம்மா என்னை வெளியே போகச் சொன்னாள். போனேன். முற்றத்தில் நின்று, ஒரு பச்சைப் பிள்ளையை அழவைத்த பெரிய எஞ்சினியர் என்று என்னை நானே ஏசிக்கொண்டேன்.

முற்றத்துக் கொடியில் பிள்ளைத் துணிகள் காய்ந்தன. கொடிக்கயிற்றின் நுனியை மரத்தோடு சேர்த்து, இரண்டாக மடித்து மச்சான்தான் கட்டியிருந்தான், அதே முடிச்சு. ஒரு காரணமுமில்லாமல் கயிற்றைப் பிடித்து உள்ளே தள்ளினேன். முடிச்சு அசையவில்லை. ஆனால் கயிறு முடிச்சுக்குள்ளால் மெல்ல நகர்ந்தது. மேலே மடிந்திருந்த வளையம் பெரிதாயிற்று. வயர் கொம்பனியுடையது. துணியை யார் தொடப்போகிறார்கள்?

பின்னேரம் காக்கா ஏணியை வைத்து ஏறினார். அடுத்த தூணில் உபரிக் கம்பியைச் சுருட்டிக் கட்டியிருப்போம், அதிலிருந்து ஒரு துண்டைத் தளர்த்திக் கொடுத்தேன். காக்கா வயரில் தேங்காயெண்ணெய் தடவி, துணியில் விரல் படாமல், முடிச்சுக்குக் கீழேயிருந்து வயரை மட்டும் மேலே தள்ளினார். நூல் நூலாகத்தான் போனது. கீழே நின்ற சனம், துணியில் கை படுகிறதா என்று கண்கொட்டாமல் பார்த்தது. ஒருமுறை அவருடைய சட்டைக்கை கிட்டப் போனபோது, “காக்கா, பாத்து, பாத்து!” என்று பத்துக் குரல் எழுந்தது. “நான் பாக்காமலா நிக்கன்? நீங்க வந்து ஏறுங்களன்!” என்று அவரும் முதன்முறையாகக் கத்தினார். மடிப்பு விரிந்து, ஒரு வளையமாகி, கடைசியில் சாப்பாட்டுத் தட்டளவு வட்டமாயிற்று. திரும்பக் குறுகாமல் இருக்க அதற்குள்ளே ஒரு பெயின்ற் வாளி மூடியை வைத்துக் கட்டினார். மஞ்சள் துணி இருந்த இடத்திலேயே இருந்தது.

ஊர்ப் பெட்டியில் மீற்றரை வைத்தேன். மைனஸ் ஐந்து. கையால் மீற்றரைத் தட்டினேன், பொய் சொல்கிறதோ என்று. ஐந்தேதான். அந்த இடத்திலேயே றோட்டில் குந்திவிட்டேன். சந்தோஷமென்று சொல்லமுடியாது. ஒரு கிழமை, ஒரு புது ட்ரான்ஸ்மிற்றர், கல்லடிக்காரரின் ஏச்சு, காக்காவின் மனவருத்தம், கடைசியில் வாளி மூடி. முதலாளிக்குச் சொன்னபோது, “நான் அப்பவே சொன்னன், லைன்தான் பிழையெண்டு” என்றார். தொலைபேசியை வைத்துவிட்டேன்.

விடிகாலையில் தங்கச்சி வீட்டு ரீவிக்கு முன்னால் நாங்கள் துடக்குக்காரர் எல்லோரும் இருந்தோம். ஊரில் மற்ற வீடுகளில் ஆளில்லை, சனம் முழுவதும் கோயிலில். எங்களுக்காக மட்டும், படம் கோயிலிலிருந்து கல்லடிக்குப் போய், அங்கிருந்து கம்பிக்குள் ஏறி, மச்சானின் முடிச்சைக் கடந்து வந்துகொண்டிருந்தது. ஒரு கட்டமும் உடையவில்லை. குளிர்த்திப் பாட்டு ஏறியது, உடுக்குச் சத்தம் வந்தது. கமரா அம்மனின் முகத்துக்குக் கிட்டப் போயிற்று. அம்மா கைகூப்பிக் குலவையிட்டாள்.

தங்கச்சி கும்பிடவில்லை. பாயிலிருந்து மெல்ல எழும்பினாள். பிள்ளையைச் சுற்றியிருந்த துணியை விலக்கி, ரீவிக்குக் கிட்டப் போய், இரண்டு கையாலும் பிள்ளையை அம்மனின் முகத்துக்கு நேரே உயர்த்தினாள்.

“பாருங்க தாயே. நீங்க தந்த புள்ள.”

இந்த ஒரு கிழமையும் அவள் குளிர்த்தியைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் காட்டத்தான் ஆசைப்பட்டிருக்கிறாள்.

அப்படியே பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அவவுக்குத் தெரியும்தானே அண்ணா?”

ரீவி வெளிச்சம் கல்லடியிலிருந்து எங்கள் ஊருக்கு வரும். எங்கள் ஊரிலிருந்து அது எதையும் திருப்பி எடுத்துக்கொண்டு போகாது. ஒருவழிதான். அதைச் சொல்கிற தொழில்தான் என்னுடையது.

“ஓம், நல்லாத் தெரியும்” என்றேன். “கொஞ்சம் இஞ்சால கிறுக்கிப் பிடி. முகத்தில வெளிச்சம் படட்டும்.”